கிலோவை மட்டும் கேட்கிறார்கள்

வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பதாகை. இடப்பக்கம் பருத்த பெண், வலப்பக்கம் அதே பெண் மெலிந்து சிரிக்கிறார். ‘சென்னையில் எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை, விசா, தங்குமிடம் எங்கள் பொறுப்பு.’ திரும்பி வந்தபின் மனம் யாருடைய பொறுப்பு என்று ஒரு வரியும் இல்லை.

2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் வரம்பைத் தளர்த்தின. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 27.5 ஆனாலே யோசிக்கலாமாம். கடை விரிக்க வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. சத்திரசிகிச்சை செய்த 7,925 பேரையும் செய்யாத அதேயளவு பருத்தவர்களையும் சராசரி ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த சாவு, செய்தவர்களிடம் 58 சதவீதம் அதிகம். ஐம்பத்தெட்டு! ஒன்ராறியோவில் 8,815 பேரைப் பார்த்தபோதும், தம்மைத் தாமே காயப்படுத்தி அவசரப் பிரிவுக்கு வந்த சம்பவங்கள் சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. யூட்டாவில் மொத்தச் சாவு 40 சதவீதம் குறைந்ததே என்பார்கள். குறைந்தது. அதை அவர்களே பதாகையில் போட்டுக்கொள்ளட்டும்.

வன்னியில் வயிறு வெறும் உறுப்பல்ல. 2009 போரின்போது மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று தாய்மார். “மெலிஞ்சு போனாய், சாப்பிடுறேல்லையோ?” என்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு. பருத்த உடம்பு உயிர் தப்பியதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியில் முக்கால்வாசி இரைப்பையை அறுத்துவிட்டு, ‘வெற்றி’ என்று எழுதிக்கொடுக்கிறார்கள்.

என் ஒன்றுவிட்ட அக்கா நீரிழிவுக்குப் பயந்து போய்ச் செய்துகொண்டு வந்தார். அடுத்த மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் கொடுத்த கஞ்சியில் இரண்டு மிடறு இறங்கியது. மூன்றாவதுக்கு எழுந்துபோய் வேலியோரம் குனிந்தார். வந்து சிரட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, “கஞ்சிக்கும் என்னை வேண்டாமாம்” என்றார். இரவில் நித்திரை இல்லை. சிகிச்சை செய்த இடத்திலிருந்து எடுத்த அழைப்புகளில் எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டுமே கேட்டார்கள்.

உளநலச் சட்டம் 1873ஆம் ஆண்டினதாக இருக்கும் நாட்டில் இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது? இரண்டு ஆண்டு உளவளத்துணைக்கு எழுத்தில் உறுதி தராத முகவர் ஒருவரும் வன்னிக்குள் ஆள் பிடிக்கக்கூடாது. மாகாண சுகாதாரத் திணைக்களம் நாளைக்கே தடை போடட்டும்.

பதாகையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். “பிறகு மனசு சரியில்லாட்டி ஆர் கதைப்பினம், தம்பி?”

“சாப்பாட்டு அட்டவணை ஒண்டு வட்ஸ்அப்பில அனுப்புவம், அண்ணை.”