முகத்தைப் பார்த்துப் பெயர் சொன்ன எந்திரம்!

65 கோடி டாலரில் முடிந்த வழக்கு

விருந்தில் எடுத்த படத்தை ஒருவர் "பேஸ்புக்"கில் போடுகிறார். படத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். உடனே எந்திரம், "இவர் உங்கள் சிநேகிதர்தானே? பெயரைச் சேர்க்கலாமா?" என்று கேட்கிறது!

படத்தில் இருப்பவரின் பெயரை ஒட்டுவதற்கு "டேக்" என்று பெயர். முன்பு ஆட்களே அதைச் செய்தார்கள். பெயரை எந்திரமே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பேஸ்புக் கம்பெனி 2010 டிசம்பரில் அறிவித்தது.

எப்படித் தெரிந்தது?

ஏற்கனவே பெயர் ஒட்டிய படங்களில் உள்ள முகங்களை எந்திரம் அளக்கும். அந்த அளவுகளை எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். புதுப் படம் வந்ததும் அதில் உள்ள முகத்தையும் அளக்கும். சிநேகிதர்களின் கணக்கோடு ஒத்துப் பார்க்கும். பொருந்தினால் பெயரைச் சொல்லும்.

நல்ல வசதிதான். ஆனால், முகத்தை அளக்க அனுமதி கொடுத்தது யார்?

முகத்தை மாற்ற முடியுமா?

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2008-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கைரேகை, முக அளவு ஆகியவற்றை எடுக்கும் கம்பெனி, முதலில் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். கவனக்குறைவால் தவறினால் 1,000 டாலர். வேண்டுமென்றே மீறினால் 5,000 டாலர்!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். முகக் கணக்கு திருடு போனால் முகத்தை மாற்ற முடியாதே!

கோர்ட்டில்

இந்தச் சட்டப்படி 2015-ல் பேஸ்புக் மீது வழக்கு வந்தது. இதனால் யாருக்கும் உண்மையான நஷ்டம் இல்லை என்று கம்பெனி வாதாடியது. 2019-ல் அப்பீல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. சம்மதம் இல்லாமல் முகத்தை அளந்து வைப்பது, ஒருவரின் சொந்த வாழ்க்கையில் தலையிடுவது ஆகும் என்று கூறிவிட்டது.

2020 ஜனவரியில் 55 கோடி டாலர் தரக் கம்பெனி முன்வந்தது. "போதாது" என்று நீதிபதி கருதினார். தொகை 65 கோடி ஆயிற்று! 2021 பிப்ரவரியில் கோர்ட்டு ஒப்புதல் கொடுத்தது. பணம் கேட்டு மனுச் செய்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர்!

அதே ஆண்டு நவம்பரில், இந்த ஏற்பாட்டை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 100 கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் முகக் கணக்கை அழிக்கப் போவதாகவும் கூறியது.

பெயரைச் சேர்க்கலாமா என்று எந்திரம் கேட்டது. முகத்தை அளக்கலாமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். வழக்கெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்!