தறிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். ஓர் ஊரில் பஞ்சு நூலாகிறது. மற்றோர் ஊரில் பால் இனிப்பாகிறது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சுற்றூர்களிலும் நூல், காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணியாகிறது. இம்மூன்று தொழில்களிலும் புதுமை தழைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு அரசு நீட்டும் கை மூன்றிடத்தும் ஒரே வடிவில் இருக்கலாமா என்பதே வினா. இருத்தலாகாது.

1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத் தொழில்முனைவோர்க்கு முதன்மைத் தேவை முதலீடு. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்குவதற்கென்றே சென்னை மாகாணத்தில் ஒரு கழகம் 1949இல்தான் தோன்றியது. இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் அதுவே. மனையும் கட்டடமும் தர 1970இல் சிட்கோவும் 1971இல் சிப்காட்டும் வந்தன. கடன், நிலம், எந்திரம் என்னும் மூன்றையும் கொடுத்தால் தொழில் வளரும் என்பது பெரிய ஆலைகளின் அனுபவத்தில் கற்ற பாடம். அப்பாடத்தையே சிறுதறிக்கும் அடுப்புக்கும் ஒப்பிப்பதில்தான் இடர்ப்பாடு எழுகிறது.

மருத்துவத் துணியை எடுத்துக்கொள்வோம். தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி நீரை எளிதில் உறிஞ்சாது. பஞ்சின் இயற்கை மெழுகு தடுக்கும். காரநீரில் கொதிக்க வைத்து மெழுகை நீக்கி, வெளுத்த பின்னரே அது புண்ணில் வைக்கத் தகுதி பெறும். நீரில் இட்டால் பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது அதற்குரிய சோதனைகளுள் ஒன்று. வெறும் துணியாகச் சுருட்டி விற்றால் கூலியே மிஞ்சும். நுண்ணுயிர் நீக்கி, உறையிட்டு, சான்றிதழோடு விற்றால் விலை உயரும். ஆனால், அதற்கு வேண்டிய ஆய்வகத்தையும் நுண்ணுயிர் நீக்கும் கூடத்தையும் எட்டுத் தறி வைத்திருப்பவர் தனியே அமைக்க இயலுமா?

விசைத்தறிகளுக்கு இரு திங்களுக்கு 750 அலகாக இருந்த கட்டணமில்லா மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் 1000 அலகாக உயர்த்தியது. தறிகள் நின்றுவிடாமல் காத்த உதவி அது, குறை கூறுவதற்கில்லை. எனினும், அது நேற்று நெய்த துணியை இன்றும் நெய்ய உதவுகிறதே அன்றிப் புதிய துணிக்கு வழிகாட்டவில்லை. கோயம்புத்தூரில் 1956இல் நிறுவப்பட்ட தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கம், மருத்துவத் துணிகளுக்கெனச் சிறப்பு மையம் ஒன்றை நடத்திவருகிறது. அத்தகைய அறிவு, தறியோசை கேட்கும் தொலைவிற்கு வந்து சேர வேண்டும். பொது வசதி மையம் அமைக்க மைய அரசின் குறுந்தொழில் குழுமத் திட்டம் பெருந்தொகை தருகிறது; தொழில்முனைவோர் ஒன்றுகூடித் தம் பங்கைச் செலுத்த வேண்டும். ஒருவரையொருவர் போட்டியாளராகவே பார்த்துப் பழகியவர்களை ஒரு மேசையில் அமர்த்துவது, நிதி ஒதுக்குவதைவிடக் கடினம். அதுவும் அரசின் பணிதான்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நிலை வேறு. பாலும் சர்க்கரையும் மட்டுமே சேரும் அவ்வினிப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். சுவையைத் தானே காத்துவிடாது. பிற ஊரில் கிண்டியதை இப்பெயரில் விற்பாரைக் கண்டறியவும் தரத்தைச் சோதிக்கவும் ஆளும் அமைப்பும் வேண்டும். சில நாள்களே கெடாதிருக்கும் பண்டம் தொலைதூரச் சந்தைக்குச் செல்ல, பொதியும் முறையில் புதுமை வேண்டும். புகை குறைந்த அடுப்பும் வேண்டும். செய்முறையில் மட்டும் புதுமை வேண்டா. பாலுக்கு மாற்றாகப் பால்மாவு கலக்க வசதி செய்யும் எந்திரத்திற்கு மானியம் தந்தால், ஒரு கையால் கொடுத்த பெயரை மறுகையால் அழித்ததாகும்.

சந்தையே தக்கதைத் தேர்ந்தெடுக்கும், அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்பாரும் உளர். எந்தத் துணி விற்கும் என்று அலுவலகத்தில் அமர்ந்து முடிவுசெய்ய முடியாது என்பது உண்மையே. ஆயின், புதியதை முயன்று தோற்பவரின் இழப்பைச் சந்தை பகிர்ந்துகொள்வதில்லை. குடியிருக்கும் வீட்டை அடகுவைத்தவர் சோதனை செய்யத் துணியமாட்டார். மாநில அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் முதலீட்டில் 25 விழுக்காட்டை மானியமாகத் தருகிறது. கணக்கில் வருவன நிலமும் கட்டடமும் எந்திரமுமே. தோற்றுப்போன பத்துச் சோதனைகளின் செலவு அக்கணக்கில் ஏறாது. புத்தொழில் நிறுவனங்களுக்கு ஆதார நிதி உண்டு. ஆனால், மைய அரசின் பொது வரையறைப்படி தொடங்கிப் பத்தாண்டு கடந்த நிறுவனம் புத்தொழில் ஆகாது. நாற்பதாண்டாக நெய்துவரும் ஒருவர் புதுமை செய்ய எண்ணினால், அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? புதுமையை நிறுவனத்தின் அகவையால் அளப்பது பொருந்தாது. செய்ய முனையும் பொருளால் அளக்க வேண்டும்.

இதே விருதுநகர் மாவட்டத்தில், இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் அங்கு இடம்பெறும், பெறட்டும். அப்பூங்காவின் ஆய்வகத்தில், வாரம் ஒரு நாளேனும், சத்திரப்பட்டித் தறியாளர் ஒருமுழத் துணியோடு வந்து குறைந்த கட்டணத்தில் சோதித்துச் செல்ல இடமுண்டா என்பதை, கட்டடம் எழுந்த பின்னர் அன்று, வரைபடம் தீட்டும்போதே கேட்க வேண்டும்.