மணிமுத்தாற்றில் இட்டது

பெரிய மார்க்கெட்டுக்குப் பட்டியலோடு போவது என் வழக்கம். வங்கிப் பணி தந்த பழக்கம் அது. ஆனால் பட்டியலில் உள்ளவற்றோடு மட்டும் திரும்பிய நாள் ஒன்றேனும் நினைவில் இல்லை. நேரு வீதிப் பக்கம் நுழைந்து, பூக்கடைகளைத் தாண்டி, மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு ரங்கப்பிள்ளை வீதியில் வெளிப்படுவதற்குள், நினைத்தே பாராத ஏதாவதொன்று கைக்கு வந்து சேர்ந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை கறிவேப்பிலைக்குப் போனவன் தாழம்பூவோடு வீடு திரும்பினேன். கறிவேப்பிலை மறந்துபோயிற்று. என் மனைவி அதை இன்றளவும் மறக்கவில்லை.

இணையத்தில் உலவுவதும் எனக்கு அப்படியே ஆகிவிட்டது. கைப்பேசியில் தேடும் முறையைப் பேரன் கற்றுக்கொடுத்தான். ஒன்றைத் தேடினால் ஒன்பது வருகிறது; அவற்றில் பாதி விளம்பரம், கால் பங்கு புளுகு. மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் தாழம்பூ கிடைக்கிறது.

ஒரு மாசி மாதத்தில் இது நடந்தது. என் தாயாருக்குப் பிறந்த ஊர் விருத்தாசலம். மாசி மகப் பெருவிழாவுக்குப் போய்வரலாம் என்று எண்ணி, தேரோட்டம் என்றைக்கு என அறிய ‘பழமலைநாதர்’ என்று தட்டினேன். தேர் நாள் வரவில்லை. ஒரு சிலையின் படம் வந்து நின்றது. வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்பிகை. கல்லில் வடித்த அர்த்தநாரீசுவரர். படத்தின் கீழே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கலைக்கூடம் ஒன்றின் பெயர். எங்கள் பழமலைநாதர் கோயிலுக்கும் சிட்னிக்கும் என்ன தொடர்பு? தேரை மறந்தேன். அன்று மதியம் உணவு ஆறிப்போகும்வரை படித்துக்கொண்டே இருந்தேன்.

நடந்தது இதுதான். நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அச்சிலையை 2004-ஆம் ஆண்டில், நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் அதிகமான விலை கொடுத்து வாங்கியது. சிலை 1970-ஆம் ஆண்டிலேயே டில்லிக் கடையொன்றில் முறையாக விற்கப்பட்டதாக ஒரு ரசீதும் உடன் வந்தது. ரசீதைப் பார்த்தவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஆனால் அதே சிலை விருத்தாசலம் கோயிலின் கோஷ்டத்தில் நிற்பதைக் காட்டும் புகைப்படம் ஒன்று இருந்தது. அது எடுக்கப்பட்ட ஆண்டு 1974. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே டில்லியில் விற்றுப்போன சிலை, விருத்தாசலத்தில் தன் இடத்திலேயே நிற்பது எப்படி?

இந்த இடத்தைப் படித்தபோது வங்கிக்காரன் மனம் துள்ளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காசோலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கமாட்டோம். ரசீது என்பது காசோலை போல. யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். புகைப்படமோ மாதிரிக் கையொப்பம். கல்லில் ஏற்பட்ட சிதைவு, மூளி, வெடிப்பு ஆகியவற்றைப் போலியாகப் படைப்பது எளிதன்று.

அந்தப் புகைப்படம் எங்கே இருந்தது என்று படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் புதுச்சேரியில்! செயின்ட் லூயி வீதியில், கடலைப் பார்த்தபடி நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில். 1955-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் அறிஞர்களும் புகைப்படக் கலைஞர்களும், அடுத்த ஆண்டு முதலே தமிழகத்துக் கோயில்களைத் தேடிச் சென்று, கோபுரத்தையும் தூணையும் திருமேனிகளையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைத்தார்கள். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. களவைத் தடுக்கும் எண்ணத்தில் எடுத்தவை அல்ல; ஆராய்ச்சிக்காக எடுத்தவை. நான் பல ஆண்டுகள் அந்த வீதி வழியாகவே வேலைக்குப் போய்வந்தேன். அந்த மஞ்சள் சுவருக்கு உள்ளே என் தாயார் ஊர்ச் சுவாமி பத்திரமாக இருந்தார் என்பதை ஒருநாளும் அறியவில்லை.

சிங்கப்பூரில் கப்பல் நிறுவனமொன்றில் பணியாற்றிய எஸ்.விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் சிலர், அயல்நாட்டு அருங்காட்சியகங்கள் இணையத்தில் இடும் படங்களை நம் கோயில்களின் பழைய படங்களோடு ஓய்வு நேரத்தில் ஒப்பிட்டு வந்தார்கள். இதற்காக யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. 2013-இல் விருத்தாசலத்துச் செய்தி நாளிதழில் வெளிவந்தது. 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுடில்லிக்கு வந்தபோது, அர்த்தநாரீசுவரரை நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோய், கான்பெரா நகரத்து அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்ட நடராசப் பெருமானும் அன்றே திரும்பினார். அவருக்கும் சாட்சி சொன்னது செயின்ட் லூயி வீதிப் படம்தான்.

விருத்தாசலம் என்றதும் அன்பர்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். திருமுதுகுன்றத்து ஈசன் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் அருளிய திருவிளையாடல். பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்று பணித்தார் பெருமான். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை. நாம் அதைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடுகிற ஒரு செய்தி உண்டு. ஆற்றில் இடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் சிறிது வெட்டி, மச்சமாகத் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்கிறது பெரிய புராணம். மச்சம் என்றால் மாதிரி. பின்னர் குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது. மீண்டும் பாடி முழு மாற்றும் பெற்றார். தம்பிரான் தோழரே தந்தவரிடம் கூட மாதிரி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்! அதே ஊர்ச் சுவாமி சிட்னியில் கிடைத்தபோது, உரைத்துப் பார்க்க நமக்கும் ஒரு மச்சம் இருந்தது. அதை எடுத்து வைத்தவர்கள்தாம் நாமல்லர்.

அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978-இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை ஆகியோரின் செப்புத் திருமேனிகளும் இப்படியே 2020-இல் இலண்டனிலிருந்து வந்தன. சாட்சி, 1958-இல் எடுத்த படம்.

இவ்வளவையும் மகிழ்ச்சியோடு எழுதிவிட்டேன். ஒன்றை மறைத்தால் எழுத்து நேர்மையாகாது. 2008-இல் பேரனுக்கு முடியிறக்க நாங்கள் குடும்பத்தோடு விருத்தாசலம் போயிருந்தோம். ஆழத்துப் பிள்ளையாரை வணங்கி, பிராகாரம் வலம் வந்து, கோஷ்டத் தெய்வங்கள் ஒவ்வொருவர் முன்பும் நின்று கும்பிட்டேன். அப்போது மூலச்சிலை சிட்னிக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் நின்றது வேறொரு சிலை. சிறு வயதில் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை கண்ட திருமுகம் மாறியிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான கையொப்பங்களைச் சரிபார்த்த கண் இது.

அதன் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர் வீடுகளில் பழைய படங்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். திருமணம், கும்பாபிஷேகம், காது குத்தல் என எதுவாயினும் சரி. கோயிலுக்குள் எடுத்ததாக இருந்தால் போதும். சென்ற மாதம் பெரியம்மா மகள், என் அக்கா, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தந்தார். கறுப்பு வெள்ளைப் படமொன்றில் என் தாயாரும் பெரியம்மாவும் பிராகாரத்தில் நிற்கிறார்கள். தாயாரின் இடுப்பில் நான். “இதுல சாமி எங்கடா தம்பி இருக்கு? நாங்கதானே இருக்கோம்” என்று சிரித்தார் அக்கா. பெரியம்மாவின் தலைக்குப் பின்னால் ஒரு கோஷ்டம் இருக்கிறது. உள்ளே ஒரே இருட்டு. ஒரு தோளின் வளைவு மட்டும் தெரிவது போலத் தோன்றுகிறது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

பெரிய மார்க்கெட் அருகிலுள்ள ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கித் தரும்படி கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய பட்டியலில் முதல் வரியாகக் கறிவேப்பிலை என்று மனைவி எழுதி வைத்திருக்கிறாள்.