காலக்கெடு கடந்தது தோல்வியாகுமா?

மும்பை மாநகரில் மித்தி நதியின் ஒரு கரையில் தாராவி இருக்கிறது. மறு கரையில் பாந்திரா-குர்லா வட்டாரத்தின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-ஆம் ஆண்டில் அமைத்த தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் அலுவலகம் அங்கேதான் உள்ளது. இக்கழகம் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பணமாற்றங்கள் நடந்தன. தாராவியின் தோல் பட்டறைத் தொழிலாளியும், மாதுங்காவின் பூக்கடைக்காரரும், செம்பூரின் குமாஸ்தாவும் இன்று இம்முறையையே நம்பியிருக்கின்றனர். ஆதலின் இதில் நேரும் ஒரு சிறு மென்பொருட் பிழை நிபுணர்களின் கவலை மட்டுமன்று.

ஒரு பணமாற்றத்தில் அனுப்புவோரின் வங்கி, பெறுவோரின் வங்கி, இடையே கழகத்தின் சர்வர் ஆகியவை பங்கு கொள்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குக் கோரிக்கை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறது. முடிவின்றிக் காத்திருந்தால் கோரிக்கைகள் தேங்கிச் சர்வரே முடங்கிவிடும். எனவே ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு கெடு விதிக்கின்றனர். இதில் குறையொன்றும் இல்லை. கெடு கடந்தபின் சர்வர் என்ன செய்கிறது என்பதில்தான் பிழை புகுகிறது.

பதில் வராமைக்குக் காரணங்கள் மூன்று. கோரிக்கை போய்ச் சேராதிருக்கலாம், சேர்ந்தும் நிறைவேறாதிருக்கலாம், நிறைவேறியபின் பதில் மட்டும் வழியில் தவறியிருக்கலாம். காத்திருக்கும் சர்வருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். அந்நிலையில் ‘தோல்வி’ என்று குறித்துவிடுவது அறியாததை அறிந்ததாகக் கூறுவதாகும். அதை நம்பித் தொழிலாளி மீண்டும் பணம் செலுத்துகிறார். இருமுறை பணம் போகிறது. அன்றி, சர்வர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின், முதற் கோரிக்கை வெற்றி என்ற பதில் தாமதமாக வந்து சேருமாயின், ஒரே பணம் இரு கணக்குகளில் நிற்கும்.

கெடு கடந்ததும் ஓயாது விசாரித்துக்கொண்டிருப்பது இதன் மறு கோடி. 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. சேவை தடைப்பட்டது. சில வங்கிகள் பழைய பணமாற்றங்களின் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டு அனுப்பிய கேள்விகள் வெள்ளமெனப் பெருகியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதன்பின், முதல் விசாரணைக்குமுன் 90 விநாடி பொறுக்க வேண்டும், 2 மணி நேரத்தில் 3 முறைக்குமேல் விசாரிக்கலாகாது என்று கழகம் வரையறுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பணமாற்றக் கோரிக்கைக்கான கெடு 30 விநாடியிலிருந்து 15 விநாடியாகவும், நிலை விசாரணைக்கான கெடு 10 விநாடியாகவும் குறைக்கப்பட்டன. இதை வரவேற்கலாம். ஆயினும் கெடுவைக் குறைப்பது காத்திருப்பைக் குறைக்குமேயன்றி ஐயத்தைத் தீர்க்காது.

மெய்யான பரிகாரம் மூன்று அம்சங்களைக் கொண்டது. முதலாவது, வெற்றி, தோல்வி என்னும் இரண்டுடன் ‘முடிவு தெரியவில்லை’ என்ற மூன்றாம் நிலையையும் மென்பொருள் ஏற்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இருத்தல் வேண்டும். அதே எண்ணுடன் கோரிக்கை மீண்டும் வரின், பணத்தை மறுபடி மாற்றாமல் முன்னைய விடையையே கொடுக்க வேண்டும். மூன்றாவது, விசாரணை இடைவெளி விட்டு, அளவோடு நடக்க வேண்டும். கெடு கடந்து வரும் பதிலையும் எறிந்துவிடாது கணக்கோடு ஒப்பிட வேண்டும். வங்கிக்கு மட்டுமின்றி, விண்ணப்பம் மேசைக்கு மேசை நகரும் எந்த அலுவலக மென்பொருளுக்கும் இவ்விதி பொருந்தும்.

சொற்களை நாள்தோறும் எடைபோடும் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. உள்ளே மூன்றாம் நிலையைச் சரிவரக் கையாளும் மென்பொருளும், திரையில் ‘தோல்வி’ என்று எழுதினால், திருத்திய பிழையை மீண்டும் புகுத்துகிறது. ‘முடிவு இன்னும் தெரியவில்லை, மறுபடி செலுத்த வேண்டாம்’ என்பதே நேர்மையான வாசகம். அது தமிழிலும் மராத்தியிலும் ஏனைய தாய்மொழிகளிலும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இவ்வாறு எழுதினால் பாமர மக்கள் கலங்குவர் என்று சிலர் கூறுவர். அக்கூற்றை நான் ஏற்கவில்லை. தாராவியில் குடியேறிய திருநெல்வேலி மக்கள் ஒரு காலத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். பெற்றவரின் கையொப்பமிட்ட ரசீது திரும்பிவரும்வரை காத்திருந்தார்கள். ரசீது தாமதித்தது என்பதற்காகப் பணம் சேரவில்லை என்று முடிவு கட்டி, மறுநாளே இன்னொரு மணியார்டர் அனுப்புவது வழக்கமன்று. தபால் நிலையத்தில் விசாரிப்பதே வழக்கம். அந்த விவேகம் மக்களிடம் உண்டு. அதற்கு இடமளிக்காதது திரையின் வாசகமே.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதில் செய்யக்கூடியது அதிகம். பணமாற்றம் ஐயத்தில் நின்றால், மீண்டும் செலுத்துமுன் வங்கிக் கணக்கின் இருப்பையும் 12 இலக்கக் குறிப்பெண்ணையும் பார்க்கும்படி சொல்லித்தருக. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று பிறப்பித்த ஆணையையும் எடுத்துரைக்கலாம். அதன்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடின், மறுநாளுக்குள் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். கடைக்காரருக்குச் செலுத்தியதற்கு உறுதி கிட்டாவிடின் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. அதற்கு முறையீடும் வேண்டுவதில்லை. நாட்கூலி பெறுவோர்க்கு இருமுறை போன 500 ரூபாய், சில நாளைய அடுப்பெரிப்பைத் தடுக்கவல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது விஞ்ஞானத்தின் முதற் பாடம். சர்வர்களுக்கும் அப்பாடத்தைக் கற்பித்தல் வேண்டும்.