களைப்புக்கு யார் புள்ளி போடுவது?

புள்ளி போடுவது ஆசிரியர்களான எங்கள் தொழில். அளக்கும் கோல் பிழைத்தால் யாருக்கு அநியாயம் நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளர்களின் களைப்பு விடயத்தில் அந்த அநியாயம் நெடுங்காலமாக நடக்கிறது.

இந்நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி, மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. உறை உரிந்த வயர் மாதிரி, செய்தி தடுமாறிப் போகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது, அதுவும் பெண்களுக்கே அதிகம். பிள்ளை வளர்க்கிற, வேலைக்குப் போகிற வயது! இவர்களில் பெரும்பாலானோரின் முறைப்பாடு களைப்பு. இரவு முழுக்கத் தூங்கி எழும்பினாலும் போகாத களைப்பு. உடம்பு சூடானால் இன்னும் கூடும். எங்கள் நாட்டுப் பகல் வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

ஆனால் 1983 முதல் உலகம் பாவிக்கும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல் பெரிதும் பார்ப்பது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதைத்தான். நடந்து வருகிறவரைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கிறா" என்று ஊரும் சொல்லிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் வெள்ளைத் தழும்புகளை எண்ணினாலும் விடை வராது. தழும்பு குறைந்தவர் எழும்ப முடியாமல் கிடப்பதுண்டு.

அதனால்தான் ஆய்வாளர்கள் தலாமஸ், பேசல் கேங்லியா போன்ற ஆழமான பகுதிகளுக்கும் முன்மூளைக்கும் இடையிலான தொடர்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுகமான ஒருவர் செய்யும் அதே வேலைக்கு இவர்களின் மூளை கூடுதலான பகுதிகளை இயக்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சோம்பேறி என்று பெயர் வாங்கியவரின் மூளை, பக்கத்து மேசைக்காரரைவிட அதிகம் உழைத்துக்கொண்டிருக்கலாம்.

மருந்து? 2021 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அமன்டடின், மொடாஃபினில், மெதில்பெனிடேட் மூன்றையும் 141 பேரிடம் சோதித்தார்கள். மூன்றுமே வெற்று மாத்திரையை வெல்லவில்லை. இத்தனைக்கும் வைத்தியர்கள் வருடக்கணக்காக எழுதிக் கொடுத்த மருந்துகள் இவை.

ஸ்கேன் ஆய்வுகள் நடக்கட்டும், இன்னும் நடக்க வேண்டும். ஆனால் நோயாளியின் வாய்ச்சொல்லை ஸ்கேனுக்குப் பின்னால் தள்ளக்கூடாது என்பதே எங்கள் கருத்து. களைப்பை உணர்கிறவர் அவர் ஒருவர்தான். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே" என்று லீவை மறுக்கும் மேலதிகாரிக்கும் இது பொருந்தும். இப்படி ஓர் ஆசிரியை இருந்தால், காலையின் முதல் பாடவேளைகளை அவருக்குக் கொடுங்கள். ஃபேனுக்குக் கீழே ஒரு கதிரை போடுங்கள். இதற்கு எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அதிபரின் ஒரு கையெழுத்துப் போதும்.