எண்ணத் தெரிந்ததற்குக் கேட்கத் தெரியுமா?

ஆம்ஸ்டர்டாம் நகரின் மேர்டென்ஸ் ஆய்வு நிறுவனம் 1994-இல் நெதர்லாந்து நாட்டார் கதைகளைக் கணினியில் தொகுக்கத் தொடங்கியது. அத்தொகுப்பு 40,000 கதைகளைக் கடந்துவிட்டது. ஒவ்வொரு கதைக்கும் சுருக்கம், குறிச்சொற்கள், இடப்பெயர்கள், கதைவகை ஆகியவற்றை எழுதிச் சேர்க்க வேண்டும். மனிதக் கை சலித்தபோது, சொற்களை அகழ்ந்தாராயும் கணினிமுறையைத் துணைக்கு அழைத்தனர். வகை குறிக்கப்பட்ட பழைய கதைகளைக் காட்டினால், எவ்வகையில் எச்சொற்கள் மிகுந்து வருகின்றன என்று பழகிக்கொண்டு, புதிய கதைக்கும் அது வகை சொல்லும்.

இம்முயற்சியை எள்ளுவது என் நோக்கமன்று. ஆன்டி ஆர்னே 1910-இல் கதைகளுக்கு எண்ணிட்டார். ஸ்டித் தாம்சன் அதை விரித்தார். ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-இல் திருத்தி மூன்று தொகுதிகளாக்கினார். இத்தகைய உழைப்பின் சுமையைப் பொறி பகிர்ந்தால் நன்றே. இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா 1949-இலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையோடு புனித தோமா அக்குவினாரின் நூல்களுக்குச் சொல்லடைவு ஆக்க முனைந்தார் அன்றோ? ஆயினும் தேடித் தருவதே பொறியின் பணியாயிற்று. பொருள் காண்பது வாசகனிடமே நின்றது.

‘பொறியே வகுத்துவிடும், இனிப் படிப்பார் வேண்டா’ என்போரையே மறுக்கிறேன். ஓநாய், பாட்டி, சிவப்புத் தொப்பிச் சிறுமி என்றால் 333-ஆம் எண் கதை. அக்கதையைக் கேலி செய்யும் துணுக்கிலும் அதே ஓநாயும் பாட்டியும் உண்டே! முதியவர் அஞ்சிச் சொல்லும் பேய்க்கதையைப் பேரன் நகைத்துச் சொல்கிறான். சொற்கள் மாறவில்லை, நம்பிக்கை மாறிவிட்டது. முன்னது பழமரபுக் கதை, பின்னது நகைச்சுவை. சொல்வோன் குரலையும் கேட்போர் மௌனத்தையும் எவ்வாறு எண்ணுவது?

‘மனிதரும் தவறுவரே’ எனலாம். உண்மை. ஆனால் தவறியவரிடம் காரணம் கேட்கலாம், அவர் திருத்திக்கொள்வார். பொறியோ பழைய குறிப்புகளைப் பார்த்தே கற்கிறது. நேற்று ஒருவர் செய்த பிழையை நாளை ஓராயிரம் கதைகள்மீது அது அமைதியாகப் பதித்துவிடும், பிழை நெறியாகிவிடும்.

ஆகவே பொறி தரும் வகை ‘பரிந்துரை’ என்றே குறிக்கப்படட்டும். சொன்னவர் யார், எங்கே, எப்போது, எந்த நம்பிக்கையோடு சொன்னார் என்பதும் அருகில் நிற்கட்டும். கதையை முழுதும் படித்த ஒருவரே முடிவு செய்யட்டும். கதைக்கு எண்ணிடுவது அடுக்குவதற்கு. அடுக்குவது மீண்டும் எடுத்துப் படிப்பதற்கு. படிப்பாரற்ற அடுக்கு எவருக்குப் பயன்?