ஒளி வந்த இடத்திற்கே படமும் செல்க!

1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், தாகேர் என்பார் கண்ட நிழற்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகறிய வெளியிட்டது. அந்நாளே இன்று உலக நிழற்பட நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. நம் மாநிலத்திலும் இக்கலைக்கு விழா எடுக்கும் வழக்கம் வேரூன்றி வருகின்றது. 2016இல் தொடங்கிய 'சென்னை போட்டோ பினாலே', மக்கள் நடமாடும் பொதுவிடங்களுக்கும் படங்களைக் கொண்டுவந்தது. 2019இல் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் இல்லமும் அதன் காட்சிக்கூடமாயிற்று. இவை போற்றத்தக்கனவே. எனினும், படத்தில் இருப்போர்க்கு இவ்விழாக்களில் இடம் எங்கே என்னும் வினாவை எழுப்புதல் நம் கடமையாகும்.

பழவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்துப் பெரியது இது. பூநாரைகளையும், ஒல்லாந்தர் கல்லறைகளையும், மாலை வெயிலில் மிதக்கும் படகுகளையும் படம்பிடிக்கப் பலர் வருகின்றனர். ஆந்திரப் பகுதியில் சூளூர்ப்பேட்டையை மையமாகக் கொண்டு 2001இல் பூநாரைத் திருவிழாவும் தொடங்கப்பெற்றது. பறவைக்கு விழா எடுத்தது நன்று. ஆனால் வலை இழுப்போரும், கருவாடு உலர்த்தும் தாய்மாரும் அழகிய பின்னணியாக மட்டுமே நின்றுவிடலாமா? கேளாமல் எடுத்த படம் கலையாகலாம்; கண்ணியமாகாது.

அம்மக்களிடம் பதிவுசெய்ய வேண்டியன மிகுதி. எந்நாளில் எவர் எங்கு வலையிடுவது என முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் அவற்றுள் ஒன்று. மணல் மேவி முகத்துவாரம் தூர்ந்தால் கடலுக்குச் செல்லும் படகின் வழி அடைபடும். ஏரிக்குள் கடல்நீர் வருவதும் குறையும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று கரைவாழ் இளைஞர் எடுக்கும் படங்கள், நாளை அவர்தம் முறையீட்டிற்குச் சான்றாகும். ஏவுதளத்திற்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயரர்களிடம், தம் பழைய ஊரைக் காட்ட எத்தனை படங்கள் இருக்கும்?

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகின்றது என்று பண்டை அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணைச் சேர்கின்றது என ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் நிறுவினார் இப்னுல் ஹைத்தம். நிழற்படத்திற்கும் இதுவே அடிப்படை. ஒளியைத் தந்தவர்க்குப் படத்தில் பங்கில்லை என்பது எவ்வகை நீதி?

கருவி அம்மக்களின் கைக்குச் சென்றால் என்ன விளையும் என்பதற்குப் பழனிக்குமார் சான்றாவார். மீன் விற்ற தாயின் மகனாகிய அவர், பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பைப் படங்களாக்கினார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணநிழற்பட விருதினைப் பெற்றார். விளிம்புநிலைச் சிறார்க்கும் இக்கலையைக் கற்பித்து வருகின்றார்.

ஆதலின் மாணவ மணிகட்கு நாம் கூறுவது இதுதான். வரும் ஆகஸ்டு 19இல் விழாவை நகர அரங்கில் நடத்த வேண்டா. கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ ஊர்ப்பெரியோரின் இசைவு பெற்று நடத்துங்கள். சில திங்கள் முன்னரே சென்று, அவ்வூர்ச் சிறார்க்குக் கருவியைப் பழக்குங்கள். எடுத்தவர் பெயரோடு, அவர் விரும்பினால், படத்தில் இருப்பவர் பெயரையும் பொறியுங்கள். விழா முடிந்ததும் ஒவ்வொரு படியை அவரவர் இல்லத்தில் சேர்ப்பியுங்கள். செலவு பெரிதன்று, மனமே வேண்டுவது. அவ்வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு படம், நகரத்தார் தரும் பரிசுக் கோப்பையினும் உயர்ந்தது என்பது நம் துணிபு.